வெங்காயத் தோல் கலரும் ஒரு மாமன் மடியும்

கழிவறைக் கதவுக்கு மேலே இருந்த இடைவெளியில் ஒரு துணித்துண்டு தொங்கியது. அதைப் பிடித்திருந்த விரல்களில் சாக்பீஸ் தூள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கட்டிங் மாஸ்டர்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. இத மட்டும் ஒரு பார்வ பாத்துச் சொல்லிருங்க. மேசையில துணி விரிச்சது விரிச்சபடி கெடக்கு."

"நான் உள்ளே இருக்கேன்யா!"

"தெரியும்லா. அதாம் மேல் வழியா குடுக்கேன்."

பார்த்தேன். பார்த்துத் தொலைத்தேன் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும். அங்கே எரிவது ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் உலகத்தில் உள்ள எல்லா நிறமும் மைசூர்பாகு மாதிரிதான் தெரியும். "ஓகே" என்றேன். விரல்களும் துணியும் மறைந்தன. நான் உட்கார்ந்த வேலை மட்டும் அப்படியே நின்றுபோனது.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் புரொடக்‌ஷன் மேனேஜர். கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. நாற்காலி சுழலும், ஆனால் நான் உட்கார்ந்து சுழன்றதில்லை. ஏனென்றால் கையில் துணித்துண்டோடு யாராவது ஒருவர் எப்போதும் என் எதிரில் நிற்பார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் ரசத்துக்கும் பொரியலுக்கும் நடுவே ஒரு துண்டு நீளும். "சாப்புடுங்க, சாப்புடுங்க. சாப்புட்டுட்டே பாருங்க." போனில் என் மனைவியிடம் பேசினால் காதோரம் ஒரு துண்டு ஆடும். நான் கம்பெனியை நிர்வாகம் செய்கிறேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கம்பெனிக்குள் என்னைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மாட்டிக்கொண்டிருந்தது யார் என்று.

இத்தனைக்கும் இந்தக் கூண்டுக்குப் பூட்டு வாங்கி வந்து பூட்டியவன் நானேதான்.

நடந்தது இது. ஒரு ஆர்டரில் டி-ஷர்ட்டின் முன்பக்கம் ஒரு ஷேடாகவும் கை வேறு ஷேடாகவும் போய்விட்டது. துணிக்குச் சாயம் போடும்போது ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நிறம் லேசாகத் தப்பும். அது திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் டியூப்லைட்டுக்குக் கீழே தெரியாத வித்தியாசம், சரக்கு வாங்குகிற பையரின் ஆள் சட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனதும் பல்லை இளித்தது. முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, "யாருங்க இதப் பாத்து உட்டது?" என்று கேட்டார். கட்டிங் மாஸ்டர் செக்கிங் பக்கம் கையைக் காட்டினார். செக்கிங் சூப்பர்வைசர் அம்மா கட்டிங்கைக் காட்டினார். சாயப்பட்டறையிலிருந்து வந்திருந்தவர் எங்கள் டியூப்லைட்டைக் காட்டினார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு மகான் எழுந்து நின்றார்.

"இனிமேல் ஷேடு நான் ஒருத்தன்தான் பார்ப்பேன்" என்றேன். "நான் ஓகே சொல்லாமல் ஒரு துணி மேசை ஏறக் கூடாது. ஒரு பண்டல் நகரக் கூடாது."

அங்கே ஒரு பெரிய அமைதி விழுந்தது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தலைச்சுமையை இறக்கி வைக்கிறவர்களும் அப்படித்தான் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. முதலாளி என் தோளைத் தட்டி, "இப்படி ஒருத்தர் பொறுப்பெடுத்தாத்தானுங்க கம்பெனி உருப்படும்" என்றார். தட்டிய இடம் பிற்பாடு நிறைய நாள் வலித்தது.

முதலில் துணி வந்தது. அப்புறம் துணிக்கு நூல் வந்தது. நூலுக்குப் பிறகு லேபிள், பட்டன், பாலித்தீன் கவர், அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்கு என்ன ஷேடு என்று கேட்டேன். "எதுக்குங்ணா வம்பு, நீங்களும் ஒருக்காப் பாத்துருங்க" என்றார்கள். டீக்காரர்கூட ஒருநாள் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏனுங், ஷேடு ஓகேங்களா? ஊத்தலாமுங்களா?" என்று கேட்டார். லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டீயைப் பார்த்து "கொஞ்சம் டார்க்" என்றேன்.

இதில் இன்னொரு கூத்து. கட்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். செக்கிங் அம்மா பல்லடம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். எல்லாம்தான் என் வழியாகப் போகிறதே, அப்புறம் எதற்குப் பேச வேண்டும்? "அந்தம்மாவ கண்ணாடி மாத்தச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று இவர் சொல்வார். "மாஸ்டர மொதல்ல கத்திரியச் சாணை புடிக்கச் சொல்லுங்ணா" என்று அவர் சொல்வார். நடுவில் நான் இரண்டு செய்தியையும் மென்மையாக்கி எடுத்துக்கொண்டு, ஒரு நீள ஹாலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். எனக்குத் தொப்பை கரைந்தது அந்த ஒரு விதத்தில்தான்.

முதலாளி என்னைக் கோயமுத்தூரில் ஒரு ஓட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். வேலை ஓட்டத்தைச் சீராக்குவது, குழுவாக இயங்குவது என்று தலைப்பு. பயிற்சி கொடுத்தவர் எங்களைக் குழு குழுவாகப் பிரித்து, காகிதப் படகு செய்யச் சொன்னார். ஒருவர் மடிக்க வேண்டும், அடுத்தவர் விரிக்க வேண்டும், அடுத்தவர் படகின் மூக்கை இழுக்க வேண்டும். எங்கள் குழுவுக்குத் தலைவன் நான். ஒவ்வொரு மடிப்பையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நேரம் முடிந்தபோது மற்ற மேசைகளில் படகுகள் துறைமுகம் மாதிரி நின்றன. எங்கள் மேசையில் ஒரு கை விரல் எண்ணிக்கைகூடத் தேறவில்லை.

"என்ன சார் ஆச்சு?" என்றார் அவர்.

"எண்ணிக்கையைப் பார்க்காதீங்க சார். ஒண்ணுகூட முழுகாது."

அவர் எங்கள் படகு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முழுகினது படகு இல்ல சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல தமாஷ்காரர் என்று நினைத்து நானும் கைதட்டினேன். மதியம் பிரியாணி பிரமாதம். பயிற்சியில் எனக்கு நினைவில் நின்றது அதுதான்.

இந்த நிலைமையில்தான் தங்கச்சி மகளுக்குக் காது குத்து வந்தது.

சாமளாபுரம் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். மாமன் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. நடக்கவும் கூடாது. ஆனால் என் விஷயத்தில் மாற்று ஏற்பாடு தயாராக இருந்தது. பெரியப்பா மகன். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோழிக்குத் தீனி போட ஆள் வைத்துவிட்டு, சொந்தபந்தம் எல்லாவற்றிலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறவர். தங்கச்சி வீட்டில் பால் காய்ச்சியபோது நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாலை ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நான் போனபோது குழந்தை தூங்கிவிட்டது. காதில் பேர் சொன்ன மாமனும் அவர்தான்.

தங்கச்சி போனில் சுருக்கமாகச் சொன்னாள். "பத்தரைக்குள்ள நல்ல நேரமண்ணா. நீ வந்தீன்னா உன்ற மடி. வரலீன்னா பெரியண்ணன் மடி. அப்பறம் அவ பெரிய மனுசியாகற அன்னைக்கும், கலியாணத்தன்னைக்கும் மாமன்னு யாரக் கூப்புடறதுன்னு அவளே முடிவு பண்ணிக்குவா."

"அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு. மடி என்னுதுதான்."

"மடி உன்னுதுதான். அதுல துணிதான கெடக்குது?" என்று போனை வைத்துவிட்டாள்.

காது குத்து ஞாயிற்றுக்கிழமை. ஷிப்மென்ட் என்றால் எங்களுக்கு ஞாயிறும் திங்கள்தான். மறுநாள் காலை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். கலரோ, பையர் ஏதோ ஒரு பூவின் பெயரைச் சொல்லி வைத்திருந்த ஒரு மங்கலான ரோஸ். எங்கள் ஆட்கள் அதற்கு வெங்காயத் தோல் கலர் என்று பேர் வைத்துவிட்டார்கள். டி-ஷர்ட்டின் உடல் பாகம் எல்லாம் வெட்டி, தோள் சேர்த்துத் தயார். கழுத்துப் பட்டி தைக்கிற ரிப் துணி மட்டும் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை. கழுத்தில்லாத சட்டைகள் லைன் நெடுகக் குவிந்து கிடந்தன. ஓவர்லாக் தைக்கிற ஒடிசாப் பையன், "சார், கலா கப் ஆயேகா?" என்று, கழுத்து எப்போது வரும் என்பதைத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். எனக்கும் கழுத்துதான் ஞாபகம் வந்தது. தங்கச்சி அறுக்கப்போகிற கழுத்து.

ஞாயிறு விடிந்ததும் முதலாளியிடம் போனேன்.

"மருமவளுக்குக் காது குத்துங்க. பத்தரைக்குள்ள..."

"போயிட்டு வாங்க! போகாம இருக்க முடியுமுங்களா? தாய்மாமனில்ல?"

நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

"ரிப்பு வந்ததும் ஒரே ஒரு பார்வ பாத்துப்போட்டுக் கெளம்பிருங்க. நீங்க பாத்தாத்தானுங்க எனக்குத் தூக்கம் வரும்."

காலை வேளையில் அவர் எதற்காகத் தூங்க வேண்டும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஜன்னல் சாத்திக்கொண்டது.

வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். சாயப்பட்டறைக்குப் போன் செய்தால், "வண்டி கெளம்பிருச்சுங்க" என்றார்கள். திருப்பூரில் கிளம்பிவிட்டது என்றால் டிரைவர் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். நானே பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், நான் போன நேரத்தில் வண்டி வந்துவிட்டால்? கட்டிங் மாஸ்டர் மேசை ஓரத்தில் கைகட்டி நின்றார். செக்கிங் அம்மா மறுமுனையில் கைகட்டி நின்றார். தையல்காரர்கள் மிஷின் மேல் கைவைத்துக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இவ்வளவு கண்கள் இருக்கிற ஹாலில், நிறம் பார்க்க ஒரு கண்ணுக்குத்தான் அனுமதி. அந்தக் கண்ணோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தங்கச்சி. "பெரியண்ணன் பட்டு வேட்டி கட்டி சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்கண்ணா. மடியத் தட்டித் தட்டிப் பாப்பாவக் கூப்புடறாங்க."

அவ்வளவுதான். "வண்டி வந்ததும் போன் போடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, முதலாளி இருக்கிற அறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தேன். கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"பாஸுங்க?"

"நான்தான்யா பாஸ் போடறவன்."

"தெரியுமுங்க. லோடு இருக்கற நாள்ல யாரா இருந்தாலும் பாஸ் இல்லாம உடாதீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

என் பாஸை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, அவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு முறை படித்துப் பார்த்து, "சரிங்க, போயிட்டு வாங்க" என்று கேட்டைத் திறந்தார். நான் கண்டுபிடித்த முறைகளில் தங்குதடையில்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

சீருக்கான மாலையைப் பல்லடத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். பெரிய ரோஜா மாலை. பூக்காரர் கட்டிக் கொடுத்ததைப் பைக்கில் எங்கே மாட்டுவது? சீர்ப் பழம், துணி எல்லாம் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. யோசிக்க நேரமில்லாமல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கூட்டு ரோட்டில் நான்கு பக்கத்திலிருந்தும் தனியார் பஸ்கள் மூக்கை நீட்டி, ஒன்றுக்கொன்று வழிவிடாமல் பூட்டிக்கொண்டன. எனக்கு வலப்பக்கம் ஒரு பஸ், இடப்பக்கம் ஒரு பஸ், முன்னால் கோழிக்கூண்டு அடுக்கிய வேன். கோழிகள் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தன. அவற்றுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை, மாலையைத் தவிர.

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா குனிந்தார். "ஏனுங், மாப்பளையே தனியாப் போறீங்களா? பொண்ணு எங்கீங்?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க ஷேடு பாத்துட்டிருக்காங்க" என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் போன்.

"அண்ணாச்சி, ரிப் வந்துட்டு. அந்தத் துண்ட எங்க வச்சிருக்கிய?"

பையர் கையெழுத்துப் போட்டு, இதுதான் சரியான நிறம் என்று அனுப்புகிற துண்டு ஒன்று உண்டு. எங்கள் வேலைக்கு அதுதான் சாமி படம். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அதை என் சட்டைப் பையில் வைத்திருப்பேன். தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ரோஜா மாலைக்கு அடியில், என் நெஞ்சுக்கு மேலே, பல்லடம் கூட்டு ரோட்டில்.

"மாஸ்டர்... அது என்கிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் துணி ரோலைத் தொப்பென்று மேசையில் வைக்கிற சத்தம். அப்புறம், "அப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றார்.

திரும்பிப் போகிற வழி மட்டும் காலியாக இருந்தது. ரோடே என்னைக் கம்பெனிக்குப் போகச் சொல்கிற மாதிரி. திரும்பினால் லாரி தப்பாது, மடி தப்பிவிடும். நேரே போனால் மடி தப்பாது, லைன் முழுக்கக் கழுத்தில்லாமல் நிற்கும். தங்கச்சி வெயிலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலாளி தூங்காமல் இருப்பார்.

"போட்டோ எடுத்து அனுப்புங்க, பாக்கறேன்" என்றேன்.

"போட்டோல எங்க மாமியாரே நல்லாத்தாம் இருக்கா அண்ணாச்சி. ஷேடா தெரியும்?"

இந்த நேரம் பார்த்துக் கோழி வேன் நகர்ந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்ட ஒரு பஸ்ஸின் டிரைவர் ஹாரனில் கையை வைத்து அப்படியே ஏறி உட்கார்ந்த மாதிரி அமுக்கினார். "மாலை போட்டா ரோடு உன்றதா? எடுய்யா வண்டிய!" நான் போனில் கத்தினேன். "செக்கிங் அம்மாவக் கூப்பிட்டு ரெண்டு பேருமாப் பாத்து முடிவு பண்ணுங்க!"

"அந்தம்மா கூடயா?"

"ஆமா, அந்தம்மா கூடத்தான்!"

போனைப் பேன்ட் பையில் செருகிவிட்டு நேரே விட்டேன். அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது என்று அந்த ஓட்டலில் ஒரு முழு மதியம் பாடம் எடுத்தார்கள். எனக்கு அது புரிந்தது ஒரு தனியார் பஸ்ஸின் ஹாரனில்.

கோயிலில் இறங்கியபோது தங்கச்சி ஓடி வந்து மாலையைப் பிடுங்கினாள். "உனக்கு யாருண்ணா மால போட்டது?" வேட்டி மாற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை. பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டேன். பெரியப்பா மகன் பாயில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் ஒரு காலை வைத்திருந்தது. ஒரு கால்தான்.

"வாப்பா வா" என்றார். "நானு சும்மா எடம் புடிச்சு வெச்சேன். சூடு பண்ணி வெச்சிருக்கறேன், உக்காரு."

"ரொம்ப நன்றிங்ணா. கோழிகெல்லாம் சவுக்கியமுங்களா? வழியில பாத்தேன், உங்களக் கேட்டுச்சுங்க."

சிரித்துக்கொண்டே எழுந்தார். முகம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்தேன். மருமகள் என் மடியில் வந்து விழுந்தாள். கத்தி தலையில் பட்டதும் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோயிலே அதிரக் கத்தினாள். நான் ஒரு கையால் அவள் தாடையையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்திருந்தேன். அப்போது போன் அடிக்க ஆரம்பித்தது. மருமகளுக்கு அடியில் வேட்டி, வேட்டிக்கு அடியில் பேன்ட், பேன்ட் பைக்குள் போன். என் தொடை அதிர்கிறது, எடுக்க வழியில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "மாமன் தொடை நடுங்குது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். "பாசம்" என்றார் இன்னொருவர்.

அப்புறம் போன் அடிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. அடித்தால் என்னவோ கேட்கிறார்கள் என்று தெரியும். அடிக்காவிட்டால்? மேசையில் துணியைப் போட்டுவிட்டு எல்லோரும் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்களா? முதலாளி என் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து என் சுழல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? மொட்டை முடிந்து, குளிப்பாட்டி, தலை நிறையச் சந்தனம் அப்பி, மறுபடி அவளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் தலையை என் நெஞ்சில் முட்டி, ஈரச் சந்தனத்தோடு அழுத்திக்கொண்டாள். வலது காது. இடது காது. நகர முடியாமல் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அவளைத் தங்கச்சி வாங்கிக்கொண்டதும் வேட்டிக்குள் கையை விட்டுப் போனை உருவினேன்.

"மாஸ்டர், என்னாச்சு?"

"ஓடிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி."

"எது?"

"ரிப்புதாம். வெட்டியாச்சு, கழுத்து ஏறுது."

"யாரு ஓகே சொன்னது?"

போன் கை மாறுகிற சத்தம். "நாங்கதாஞ் சொன்னமுங்ணா" என்றார் செக்கிங் அம்மா. "ரெண்டு ரோல் வந்துச்சுங்க. ஒண்ணு நல்லா ஒத்து வருதுங்க. இன்னொண்ணு செவந்து போயிருந்துச்சு, வண்டியிலயே திருப்பி ஏத்தி உட்டுட்டமுங்க. வேற குடுத்து உடறாங்களாமா."

"செவக்கல, கருத்துருக்கு" என்று பின்னாலிருந்து மாஸ்டர் குரல்.

"செவப்புத்தானுங்."

"வெயில்ல வச்சுப் பாத்தம்லா? கருப்பு."

"எதோ ஒண்ணு. ஆகாதுன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டமுங்ணா."

"ரெண்டு வாட்டி போன் பண்ணுனீங்களே?"

"அது முதலாளி கேட்டாருங்க, நீங்க எங்க போய்ட்டீங்கன்னு. நாங்களே சொல்லிட்டம்."

இரண்டு பேரும் ஒரே போனில் பேசுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள். என் வழியாக இல்லாமல், நேராக.

"சரி, துண்டு என்கிட்ட இருக்கே? எதை வெச்சுப் பாத்தீங்க?"

"சட்டப் பாடிய வெச்சுத்தானுங்க. அந்தத் துண்டுக்கு ஒத்துப் போன பாடிதான இத்தன குமிஞ்சு கெடக்குது? ரிப்பு பாடிக்குத்தானுங்களே ஒத்துப் போகோணும்? உங்க பாக்கெட்டுக்கா ஒத்துப் போகோணும்?"

பந்தியில் உட்கார்ந்து யோசித்தேன். காலையில் அந்த ரிப் நான் இருக்கும்போது வந்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு ரோலுக்கும் ஓகே சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பேன். செவப்போ கருப்போ, அதுவும் தூத்துக்குடி போயிருக்கும். பிறகு பையரின் ஆள் ஜன்னல் பக்கம் கொண்டுபோயிருப்பார். ஒருவன் மட்டும் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தால், அந்த ஒருவனுக்குக் காது குத்து வருகிற நாளில் எல்லோருக்கும் கண் போய்விடுகிறது. எதிர்வாதம் பண்ண ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் நிறம் நிறமாகத் தெரிகிறது. முழுகினது படகு இல்லை என்று அந்தப் பயிற்சிக்காரர் சொன்னது அப்போதுதான், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கும்போது, எனக்குச் சுருக்கென்று பட்டது. பிரியாணி மயக்கம் தெளிய இத்தனை காலம்.

நான் இல்லாமல் நடக்கக் கூடாத வேலை மடி ஒன்றுதான். மற்றது எல்லாம் நான் இல்லாமலும் நடக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டியது. நான் தலைகீழாக அல்லவா வைத்திருந்தேன்?

சாயங்காலம் கம்பெனிக்குள் நுழைந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைகளுக்கெல்லாம் கழுத்து வந்திருந்தது. விடுதலை இப்படித்தான் இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் அவமானமாக இருந்தது. வழியில் நின்று இரண்டு தடவை இருமிப் பார்த்தேன். ஒடிசாப் பையன் மட்டும் தன் கழுத்தைத் தொட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மிஷினை மிதித்தான்.

சரி, நானும் ஒரு முறை சரிபார்க்கிற மாதிரியாவது நிற்கலாம் என்று செக்கிங் மேசைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். செக்கிங் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏனுங்ணா, இதென்ன கலருங்?"

மருமகள் தலைச் சந்தனம் முழுக்க அதில் ஊறியிருந்தது. நடுவில் அவள் முடி நாலைந்து. பையர் போட்ட கையெழுத்து மஞ்சளுக்குள் நீந்திக்கொண்டிருந்தது. மாஸ்டர் துண்டை வாங்கி, முறைப்படி வெளிச்சத்தில் பிடித்து, புரட்டிப் பார்த்து, "இந்த ஷேடு எந்தப் பட்டறையிலயும் வராது அண்ணாச்சி. ஆர்டர கேன்சல் பண்ணிருவோம்" என்றார். மேசையே சிரித்தது. நல்ல வேளை, கையெழுத்துப் போட்ட இன்னொரு துண்டு சாயப்பட்டறையில் இருக்கிறது என்றார்கள். அதில் பாதியை வாங்கி, கட்டிங் மேசைக்கும் செக்கிங் மேசைக்கும் நடுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி தொங்கவிடச் சொன்னேன். என் சட்டைப் பையை விட்டு நிறம் வெளியேறியது அன்றைக்குத்தான்.

முதலாளி வந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்ததும் பயம் வந்தது.

"காது குத்து நல்லபடியா ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"இங்கயும் நல்லபடியாப் போச்சுங்க. நீங்க இல்லாமயே ஓடுதே!" என்று லைனைப் பெருமையாகப் பார்த்தார். "அதான் யோசிச்சேன். சாமளாபுரத்துல நம்ம ரெண்டாவது யூனிட்டு இழுத்துட்டே கெடக்குதுங்கல்ல. அதையும் நாளையில இருந்து நீங்களே பாத்துக்குங்க."

தோளைத் தட்டினார். அதே இடம்.

நான் நேரே கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். மஞ்சள் பல்பு. மேலே இடைவெளி. அண்ணாந்து பார்த்தேன். விரல் இல்லை, துணி இல்லை. வெளியே மிஷின் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதற்காக எத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன்! ஆனாலும் கண் அந்த இடைவெளியையே பார்த்தது.

கடைசியில் கதவு தட்டப்பட்டது. என் மனம் துள்ளியதை மறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சலிப்பாகக் கேட்டேன். "என்ன மாஸ்டர்? ஷேடா?"

"ஷேடெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ரொம்ப நேரமா நிக்கேன். நீங்க வெளிய வந்தா நான் உள்ள போவேன்."